குழந்தைக்குக் காது கேட்கிறதா?



தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. வினாவுதலும் கேள்வி, செவியால் கேட்டறிதலும் கேள்வி. திருவள்ளுவர் பின்னைய பொருளிலேயே 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஏட்டைத் தொடும் வாய்ப்பு இல்லாதவனும் செவி வழியாக அறிவு பெறலாம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. பேச்சும் பாட்டும் உறவும் ஊர்வழக்கும் முதன்முதலில் நம்முள் புகுந்தது அந்தச் சிறு வாயில் வழியாகத்தான்.

அந்த வாயில் திறந்திருக்கிறதா என்று எந்த வயதில் கேட்க வேண்டும்? ஒரு காலத்தில் குழந்தைக்கு 6, 7 வயது ஆன பின்பே இந்த வினா எழுந்தது. பிறகு அது 2, 3 வயதுக்கு இறங்கி வந்தது. இன்று குழந்தை பிறந்த முதல் சில நாட்களிலேயே கேட்கப்பட வேண்டும் என்கிறது மருத்துவம். பள்ளிக்கூடத்து வாசலில் நின்ற ஒரு வினா தொட்டிலருகே வந்து சேர்ந்த கதையே இன்று நான் சொல்ல விரும்பும் வரலாறு. அதை எனக்குப் பழக்கமான பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியை மனத்தில் கொண்டு சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் செவிக்கு விழா உண்டு. குலதெய்வக் கோயிலில் குழந்தைக்கு முடியிறக்கி, தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்துவார்கள். உறவினர் திரண்டு வருவர். கிடாய் வெட்டிச் சோறு போடுவர். மாமன் சீர் கொண்டு வருவார். இத்தனை சிறப்பும் காதின் மடலுக்கு நடைபெறும். மடலுக்கு உள்ளே நடப்பதைப் பற்றிக் கேட்பவர் அன்று அரியர்.

கேட்டாலும் அதை அறிய அவர்களுக்கு இருந்த வழி ஒன்றே. குழந்தையின் பின்புறமிருந்து பித்தளைத் தட்டைத் தட்டுவார்கள், அல்லது கதவைப் படீரென்று சாத்துவார்கள். குழந்தை திடுக்கிட்டால், "காது நல்லாத்தான் கேக்குது" என்று பாட்டி மனநிறைவு கொள்வாள். இந்தச் சோதனையில் அறிவு இல்லாமல் இல்லை. ஆனால் அதில் இரண்டு குறைகள் இருந்தன. கதவைச் சாத்தும்போது தரையும் தொட்டிலும் அதிரும், காற்று அசையும், நிழல் ஆடும். இவற்றை உணர்ந்தும் குழந்தை திடுக்கிடலாம். மேலும், பேரொலியைக் கேட்கும் குழந்தைக்குத் தாயின் மெல்லிய பேச்சு தெளிவாகக் கேட்காமல் இருக்கலாம். பேச்சுக் கேட்காத பிள்ளைக்குப் பேச்சு வருவதில்லை.

என் இளமையில் எங்கள் தெருவில் என் வயதொத்த பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு அழகிய பெயர் ஒன்று உண்டு. ஆனால் ஊர் முழுவதும் அவனை 'ஊமையன்' என்றே அழைத்தது. அவன் நாவிலும் தொண்டையிலும் யாதொரு குறையும் இல்லை. பறவையைக் கண்டால் கூவுவான். கோபம் வந்தால் கத்துவான். குறை அவன் செவியில் இருந்தது; பழியோ வாயின்மேல் விழுந்தது. அவன் பள்ளிக்கு வரவில்லை; ஆடு மேய்த்தான். மழை வருமுன் அறிந்து மந்தையைத் திருப்புவதில் அவனுக்கு நிகர் எவரும் இல்லை. அத்தகைய கூர்த்த அறிவுக்கு ஒரு மொழி கிடைத்திருக்குமானால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

செவியின் அமைப்பைச் சிறிது காண்போம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரின் பக்கத்து மண் ஓடைகளில் நடந்திருப்பவர்கள், சுருண்ட நத்தை போன்ற கற்படிவங்களைக் கண்டிருப்பார்கள். அவை அம்மோனைட் என்னும் கடலுயிரின் ஓடுகள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்ததற்கு அவை சான்று. அரியலூரை அடுத்த வாரணவாசி அருங்காட்சியகத்திலும் அவற்றைக் காணலாம். அதே சுருள் வடிவில், ஒரு பட்டாணி அளவில், நம் ஒவ்வொருவரின் உட்செவியிலும் ஓர் உறுப்பு இருக்கிறது. செவிச்சுருள் என்பது அதன் பெயர். இரண்டரைச் சுற்றுக் கொண்ட அந்தச் சுருளுக்குள் நீர்மம் நிரம்பியிருக்கிறது. அதில் நுண்ணிய மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. செவிப்பறையில் மோதும் ஒலி மூன்று சிற்றெலும்புகளின் வழியாக அங்கே சென்று நீர்மத்தை அசைக்கும். அவ்வசைவை மயிரணுக்கள் மின்குறிப்புகளாக மாற்றி மூளைக்கு அனுப்பும். குழந்தை தாயின் கருவில் ஆறு மாதம் ஆகும்போதே இவ்வமைப்பு வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, தாயின் குரல் பிறந்த குழந்தைக்குப் புதியதன்று.

செவிப்பறைக்கும் செவிச்சுருளுக்கும் இடையே உள்ள அறை நடுச்செவி. அதற்குக் காற்று வழங்க, தொண்டையின் மேற்பகுதியிலிருந்து ஒரு குழல் செல்கிறது. இத்தாலிய உடற்கூற்று அறிஞர் யூஸ்டேக்கி 16-ஆம் நூற்றாண்டில் இதனை விரிவாக எழுதினார். 1704-இல் வால்சால்வா என்னும் மற்றோர் இத்தாலியர் அக்குழலுக்கு அவர் பெயரையே சூட்டினார். குழந்தைகளின் காது அடிக்கடி நோயுறுவதற்குக் காரணம் இந்தக் குழலில்தான் இருக்கிறது. வளர்ந்தவருக்கு இது சுமார் 35 மில்லிமீட்டர் நீளமுடையது. சரிவாகக் கீழ்நோக்கி அமைந்தது. பச்சிளங்குழந்தைக்கோ அதில் பாதி நீளமே. கிட்டத்தட்டப் படுக்கை வாட்டத்தில் கிடப்பது. சளி பிடித்த குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள கிருமிகள் இந்தக் குறுவழியில் எளிதாக நடுச்செவிக்கு ஏறிவிடுகின்றன. அங்கே சீழ் கட்டுகிறது, செவிப்பறை விம்முகிறது, வலி பொறுக்காமல் குழந்தை இரவெல்லாம் வீறிட்டு அழுகிறது. சில வேளைகளில் செவிப்பறை கிழிந்து சீழ் வெளிப்படும். அப்போது வலி குறைவதால், நோயே நீங்கிற்று என்று வீட்டார் எண்ணிவிடுவர்.

இந்நோயைப் பண்டைக் கிரேக்க மருத்துவரும் அறிந்திருந்தனர். கடுங்காய்ச்சலோடு வரும் காதுவலி உயிரைப் பறிக்கக்கூடும் என்று ஹிப்போகிரட்டீஸ் மரபு நூல்கள் எச்சரித்தன. 19-ஆம் நூற்றாண்டில் டப்ளின் நகரத்து மருத்துவர் வில்லியம் வைல்டு செவிநோய் பற்றி 1853-இல் பெருநூல் ஒன்று எழுதினார். காதின் பின்புற எலும்பில் சீழ் கட்டினால் கீறி வெளியேற்றும் முறைக்கு அவர் பெயரே வழங்கியது. அவருடைய மகனே நாடகாசிரியர் ஆஸ்கார் வைல்டு. காதுநோய் முற்றி மூளையுறையில் பரவியதே 1900-இல் பாரிசில் அவர் இறக்கக் காரணம் என்று பல மருத்துவ வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். தந்தை கண்ட முறை மைந்தனைக் காக்கவில்லை. 1930-களில் சல்பா மருந்துகளும், 1940-களில் பெனிசிலினும் வந்த பிறகே காதுநோயால் இறக்கும் குழந்தைகளின் தொகை பெரிதும் குறைந்தது.

சாவு குறைந்தது, ஆனால் காதொழுக்கு நம் ஊர்களை விட்டு அகலவில்லை. ஒரு நாட்டு மக்களில் 100-க்கு 4 பேருக்கு மேல் நாட்பட்ட காதொழுக்கு இருக்குமானால் அதனை மிகப் பெரிய பொதுநலச் சிக்கலாகக் கொள்ள வேண்டும் என்று உலக நல நிறுவனம் வரையறுத்தது. 2004-இல் அது வெளியிட்ட ஏட்டில் அந்த வரிசையில் இந்தியாவும் இடம்பெற்றிருந்தது.

இதற்கு ஏழ்மையும் நெருக்கமான குடியிருப்பும் அடுப்புப் புகையும் காரணங்கள். நம் வழக்கங்களிலும் சில சேர்ந்துள்ளன. எங்கள் வீடுகளில் குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் பாட்டி, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு வாயால் ஊதுவாள். பிறகு சாம்பிராணிப் புகை காட்டுவாள். காது வலித்தால் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயையோ தாய்ப்பாலையோ ஊற்றுவர். சீழ் வந்தால் கோழியிறகால் துடைப்பர். இவையெல்லாம் அன்பினால் செய்யப்பட்டவை. அருகே மருத்துவர் இல்லாத காலத்தில் வேறு என்னதான் செய்வார்கள்? ஆயினும், கிழிந்த செவிப்பறை வழியாக எண்ணெய் உள்ளே செல்வது தீங்கு. ஊதும் வாயின் கிருமி குழந்தைக்குப் போவது தீங்கு. புகை மூச்சுவழிக்குத் தீங்கு. அதே பாட்டி வலியுறுத்திய தாய்ப்பாலோ, குடிக்கும் குழந்தைக்குக் காதுநோயைத் தடுக்கும் நல்ல அரண் என்பதை இன்றைய ஆராய்ச்சி உறுதி செய்கிறது. மரபு முழுவதையும் தள்ளவும் வேண்டா. முழுவதையும் கொள்ளவும் வேண்டா. புட்டிப்பாலைப் படுத்த நிலையில் புகட்டாமல் தலையை உயர்த்திப் புகட்டுதலும் நன்று.

வலியே தராத காதுநோய் ஒன்றும் உண்டு. நடுச்செவியில் பிசின் போன்ற நீர் தேங்கி நிற்கும், காய்ச்சல் இராது, அழுகை இராது. கேட்கும் திறன் மட்டும் மங்கும். 'கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, பிடிவாதக்காரப் பிள்ளை' என்று வீட்டார் கடிந்துகொள்வர். பல குழந்தைகளுக்கு இந்நீர் தானே வற்றிவிடும். வற்றாதவர்களுக்கு, செவிப்பறையில் நுண்ணிய குழாய் ஒன்றைப் பொருத்திக் காற்றோட்டம் தரும் முறையை 1954-இல் அமெரிக்க மருத்துவர் ஆம்ஸ்ட்ராங் வழக்கத்திற்குக் கொண்டுவந்தார்.

இனி, பிறவியிலேயே கேளாத குழந்தைகளின் வரலாற்றுக்கு வருவோம். இந்தியாவில் அவர்களுக்கான பள்ளிகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றின. பம்பாயில் 1880-களிலும், கல்கத்தாவில் 1893-லும், தமிழ்நாட்டில் 1890-களில் பாளையங்கோட்டையிலும் அவை தொடங்கின. பாளையங்கோட்டைப் பள்ளியை நிறுவியவர் பிளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார். எவரும் எண்ணிப் பாராத பிள்ளைகளுக்கு எழுத்தும் தொழிலும் கற்பித்த அப்பள்ளிகளின் தொண்டு பெரிது. ஆனால் அங்கே வந்த பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளி வயதை எய்தியவர்கள். மொழியை மூளை மிக எளிதாக வாங்கிக்கொள்ளும் முதல் மூன்று ஆண்டுகள் அதற்குள் கழிந்துவிட்டிருந்தன.

1944-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூயிங் தம்பதியர், தாய்மடியில் அமர்ந்த குழந்தையின் கண்ணுக்குப் படாமல் பக்கவாட்டிலிருந்து மெல்லிய ஒலிகளை எழுப்பி, குழந்தை தலை திருப்புகிறதா என்று அளக்கும் முறையை விளக்கி எழுதினர். நம் பாட்டியின் பித்தளைத் தட்டு விஞ்ஞானமாகிய இடம் இது. 1960-களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் மாரியன் டவுன்சு அம்மையார், அப்போதே பிறந்த குழந்தைகளைச் சோதிக்க வேண்டும் என்று முழங்கினார். இந்தியாவிலும் விழிப்பு உண்டாயிற்று. 1965-இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் நிறுவப்பட்டது. 1969-இல் சென்னையில், கேளாத மிக இளம் பிள்ளைகளுக்கென்றே 'பால வித்யாலயா' தொடங்கப்பட்டது. வினா பள்ளி வாசலிலிருந்து தொட்டிலை நோக்கி நகரலாயிற்று.

எனினும் பிறந்த குழந்தை கேட்கிறதா என்பதை ஐயமின்றி அறிய ஒரு கருவி வேண்டியிருந்தது. தாமஸ் கோல்டு என்னும் விஞ்ஞானி 1948-இல் வியப்பான கருத்தொன்றை வெளியிட்டார். செவி ஒலியை வாங்குவதோடு நில்லாமல், தானும் மிக நுண்ணிய ஒலியை எழுப்பக்கூடும் என்றார் அவர். அன்று அதை ஏற்பார் இல்லை. 30 ஆண்டுகள் கழித்து 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்னும் அறிஞர், சிறு ஒலிவாங்கியைக் காதில் பொருத்தி அந்த எதிரொலியைப் பதிவு செய்து காட்டினார். செவிச்சுருளின் மயிரணுக்கள் நலமாயிருந்தால் எதிரொலி வரும், பழுதுற்றிருந்தால் வராது. உறங்கும் குழந்தையின் காதில் மெல்லிய முனையைச் செருகிச் சில நிமிடங்களில் சோதிக்கும் கருவி இவ்வாறு பிறந்தது. எதிரொலி வராத குழந்தைக்கு, தலையில் மின்முனைகளை ஒட்டிச் செவிநரம்பின் மின்னசைவை அளக்கும் அடுத்த சோதனையைச் செய்வர்.

முந்தி அறிவதால் பயன் உண்டா என்ற ஐயத்துக்கும் விடை கிடைத்தது. 1998-இல் கொலராடோ ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, 6 மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், பிந்தி அறியப்பட்டவர்களைவிட மொழித்திறனில் தெளிவாக முன்னே நின்றனர். அதன் பயனாக 1, 3, 6 என்னும் விதி உலகில் பரவியது. 1 மாதத்துக்குள் முதற்சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் உதவி என்பது அதன் பொருள். உதவி என்பது காதொலிக் கருவியாக இருக்கலாம். செவிச்சுருளில் பொருத்தும் மின்கருவியாக இருக்கலாம். சைகை மொழியாகவும் இருக்கலாம். சைகை மொழி இலக்கணம் உடைய முழுமையான மொழி. செவி வழியாகவோ கை வழியாகவோ, மொழி குழந்தையை உரிய காலத்தில் அடைய வேண்டும் என்பதே முதன்மையானது.

வருமுன் காத்தலும் இவ்வரலாற்றில் ஒரு பகுதி. கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா என்னும் அம்மைக் காய்ச்சல் கண்டால் குழந்தையின் கண் கெடும் என்பதை 1941-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் கிரெக் கண்டறிந்தார். செவியும் கெடும் என்பது விரைவில் தெளிவாயிற்று. இதைத் தடுக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் 2017-இல் இந்தியாவில் தொடங்கியபோது, முதல் கட்ட மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. காதுநோய்க்கும் மூளையுறைக் காய்ச்சலுக்கும் காரணமான கிருமிகள் சிலவற்றைத் தடுக்கும் ஊசிகள் 2011-லும் 2021-லும் நம் மாநிலத்தின் தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்தன. மற்றொரு காரணம் நம் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நம்மிடையே பழைய வழக்கம். ஒரே குடும்பத்தில் மறைந்திருக்கும் செவிக்குறைப் பண்பு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் குழந்தைக்கு வந்து கூடும் வாய்ப்பு அத்தகைய மணத்தில் மிகுதி. உறவு அறுபட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அத்தகைய மணத்தில் பிறந்த குழந்தைக்குச் செவிச் சோதனை தவறவே கூடாது என்று சொல்கிறேன்.

எங்கள் பகுதிக்கு இந்த மருத்துவம் வந்து சேர்ந்த வழியையும் சொல்ல வேண்டும். பெரம்பலூரும் அரியலூரும் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வட்டங்களாக இருந்தன. பருத்தியும் சோளமும் விளையும் மானாவாரி நிலம். மழை பொய்த்தால் கையில் காசு இராது. காது மருத்துவரைக் காண வேண்டுமானால் திருச்சிக்கோ தஞ்சைக்கோ செல்ல வேண்டும். பெரம்பலூரிலிருந்து திருச்சி சுமார் 60 கிலோமீட்டர். ஒரு நாள் கூலியை இழந்து, அழும் குழந்தையைச் சுமந்து, இரண்டு பேருந்து மாறிச் செல்லும் தாய்க்கு அது எத்தனை பெரிய தூரம்! சீழ்வடிதலுக்காக எத்தனை தாய்மார் அத்துணைத் தூரம் செல்ல முடியும்? 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் 2001-இல் பிரிந்து, மீண்டும் இணைந்து, 2007-இல் நிலையாகத் தனி மாவட்டம் ஆயிற்று. 1997-இல் திருச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் அரியலூரும் ஒன்று. தூரம் சுருங்கிற்று.

திட்டங்களும் வந்தன. 2007-இல் செவிட்டுத்தன்மையைத் தடுக்கும் தேசியத் திட்டம் 25 மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் பல குறைகளைத் தேடிக் காண்கிறது. பிறவிச் செவிக்குறையும் காதொழுக்கும் அவற்றுள் அடங்கும். அதன் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகின்றனர். செலவு மிக்க செவிச்சுருள் கருவி அறுவையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ளது. ஆனால் எந்தத் திட்டமும், 'என் குழந்தை கேட்கிறதா?' என்று ஒருவர் கேட்ட பின்பே அந்த வீட்டில் பயன் தரும்.

அதனால்தான் மாணவர்களாகிய உங்களிடம் பேசுகிறேன். உங்கள் வீட்டில் அக்காளுக்கோ அண்ணிக்கோ குழந்தை பிறந்திருக்கலாம். 3, 4 மாதக் குழந்தை தாயின் குரல் கேட்டு அமைதி அடைய வேண்டும். 6 மாதத்தில் ஒலி வந்த பக்கம் தலை திருப்ப வேண்டும். ஓராண்டு நிறையும்போது ஓரிரு சொற்கள் வர வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் மழலை ஒலி எழுப்பும், பிறகே அது மெல்லக் குறையும். ஆகவே, ஒலி எழுப்புகிறது என்று மட்டும் கண்டு அமைதி கொள்ளாதீர்கள். காதில் சீழோ நாற்றமோ வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. "பேச்சு மெதுவாக வரும், அவன் அப்பனும் அப்படித்தான்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அவர்களை எதிர்த்துப் பேச வேண்டா. "பாட்டி, ஒருமுறை பரிசோதித்துவிடுவோம்; நன்றாக இருந்தால் நமக்கு நிம்மதிதானே" என்று பணிவாகச் சொல்லுங்கள்.

நம் தாய்மார் தொட்டிலருகே அமர்ந்து தாலாட்டுப் பாடினார்கள். அதுவே குழந்தையின் முதற் பாடசாலை. அந்தப் பாடசாலையில் சேர்ந்த பிள்ளைக்குப் பாடம் கேட்கிறதா என்று பார்ப்பது படித்தவர்களாகிய நம் கடமை. வினாவும் கேள்வி, செவிப்புலனும் கேள்வி. முன்னதைக் காலத்தில் எழுப்பினால், பின்னது குழந்தைக்குக் கிட்டும். கிட்டாதபோதும் அதன் இடத்தில் மற்றொரு மொழி கிட்டும். 'ஊமையன்' என்னும் பெயர் எங்கள் மண்ணில் இனி ஒரு பிள்ளைக்கும் வாய்க்காதிருக்கட்டும்.